கையெழுத்தைப் போன்ற அச்செழுத்து: ஒரு வரலாற்று நோக்கு

விரைந்து எழுதும் கை, எழுத்தை எழுத்தோடு இணைக்கும். ஓரெழுத்தையே இடத்திற்கேற்ப வேறுவேறு வடிவில் வரையும். ஈயத்தில் வார்த்த எழுத்தோ என்றும் ஒரே வடிவினது, தனித்து நிற்பது. கையின் இயல்பை வார்ப்பெழுத்திற்கு ஏற்ற முற்பட்டபோது நிகழ்ந்தது யாது என்பதை, பிரெஞ்சு நாட்டு முயற்சி ஒன்றையும் தமிழ் அச்சின் தொடக்கத்தையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஐரோப்பாவின் முதல் அச்செழுத்துகளும் கையெழுத்தையே பின்பற்றியவை. ஆயின் அவை நூல் படியெடுப்போர் நிறுத்தி எழுதிய திருந்திய எழுத்துகள். 1501இல் வெனிசு நகரத்து ஆல்டசு வெளியிட்ட வெர்சில் பாடற்பதிப்பு சாய்வெழுத்தில் அமைந்தது. அதன் அச்சுருவை வெட்டியவர் பிரான்செசுகோ கிரிபோ. அன்றாடக் கடிதங்களிலும் கணக்குகளிலும் ஓடிய விரைவெழுத்தை அவ்வாறே அச்சில் கொணர்ந்தவர் இராபர்ட் கிரான்சோன் என்பார். லியோன் நகரில் 1557இல் அவர் வெளியிட்ட எழுத்து, பின்னாளில் 'சிவிலிதே' எனப் பெயர் பெற்றது. இத்தாலியர்க்குச் சாய்வெழுத்து உரியதானாற்போலப் பிரெஞ்சு மக்கட்கும் தமக்கென ஓர் அச்செழுத்து வேண்டும் என்பது அவர் நோக்கம். அரசர் இரண்டாம் என்றி அவ்வெழுத்திற்குப் பத்தாண்டுத் தனியுரிமை வழங்கினார்.

அவ்வெழுத்தின் அமைதி கருதத்தக்கது. சொல்லின் முதலில் வருதற்கு ஒரு வடிவும் இறுதியில் வருதற்கு ஒரு வடிவும் வெட்டப்பெற்றன. இணைந்து வரும் எழுத்துகள் ஒரே அச்சாக வார்க்கப்பெற்றன. ஈற்றெழுத்துகள் வால் நீண்டு வளைந்தன. பார்ப்போர்க்கு அது மை உலராத கடிதம்போல் தோன்றும். எராசுமசு 1530இல் இலத்தீனில் இயற்றிய சிறார் நன்னடத்தை நூலின் பிரெஞ்சு வடிவங்கள் இதில் அச்சிடப்பெற்றன. பெயரும் அதனால் வந்ததே. அந்நூல்களைப் படித்த சிறார் நன்னடத்தையோடு கையெழுத்தைப் படிக்கும் பழக்கத்தையும் ஒருங்கே பெற்றனர். பிற துறைகளில் இவ்வெழுத்து நிலைபெறவில்லை. எழுத்துப் பெட்டியில் அறைகள் பெருகின. கோப்போர்க்குக் காலம் மிகுந்தது. உரோமன் எழுத்தே வென்றது. நன்னடத்தை நூல்களில் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அது வாழ்ந்தது.

இனித் தமிழை நோக்குவோம். கோவாவில் 1577இல் வார்த்தனவும் கொல்லத்தில் 1578இல் வார்த்தனவும் ஆகிய இருவகைத் தமிழ் எழுத்துகளை, 1578இல் கொல்லத்தில் அச்சாகிய பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' காட்டுகின்றது. கல்லில் வெட்டும் வழக்கு ஒருபுறம் இருந்ததேனும், நூல் எழுதும் வழக்கு ஓலைக் கையெழுத்தே. ஆதலின் தமிழ் அச்சு அதனையே முன்மாதிரியாகக் கொண்டது. கிரான்சோன் விரும்பித் தேர்ந்த வழி, தமிழ் அச்சிற்கு இயல்பாகவே வாய்த்த வழியாயிற்று.

ஓலைக் கையெழுத்து அழகுடையது, இடர்ப்பாடும் உடையது. மெய்யும் எகர ஒகரக் குறில்களும் புள்ளிபெறும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று அப்புள்ளி விடப்பெற்றது என்பர். அதனால் 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஒருவடிவாயின. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் அவ்வாறே. ரகரமும் காலும் வேறுபாடின்றி வரையப்பட்டமையின் 'கர' என்பதும் 'கா' என்பதும் மயங்கின. ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் பட்ட பாடுகளுள் இம்மயக்கம் தலையாயது. பாட வேறுபாடுகள் பலவற்றுக்கு ஏடெழுதியோர் அறியாமையைக் காரணங்காட்டுதல் முறையன்று. எழுத்தின் வடிவே காரணமாதலும் உண்டு. குறில் நெடில்களைப் பிரித்துக்காட்டும் இற்றை வடிவங்கள் வீரமாமுனிவர் (1680–1747) பெயரொடு சார்த்தி வழங்கப்பெறுவன.

கையின் ஓட்டத்தில் பிறந்த இணைப்பு வடிவங்கள் அச்சில் நெடுநாள் நின்றன. ணா, றா, னா என்பனவும், அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறும், ணை, லை, ளை, னை என்பனவுமாகிய பதின்மூன்றும் தனி வடிவில் எழுதப்பட்டன. யானைத் துதிக்கைபோல் வளைந்த அக்காலத்து ஐகாரக் குறியை மூத்தோர் நன்கறிவர். 1935இல் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் இவற்றைச் சீர்செய்து அச்சிட்டார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. கோப்போர்க்கும் கற்போர்க்கும் அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன்பின் கற்றோர், தம் பாட்டனார் படித்த அச்சுநூலிலேயே தடுமாறக் காண்கின்றோம். ஓலைச்சுவடியோ அவர்க்குப் பின்னும் தொலைவினது.

இற்றைநாளில் கணினி எழுத்துருக்கள் கையெழுத்துச் சாயலை அழைப்பிதழ்க்கும் விளம்பரத்திற்கும் எளிதில் தருகின்றன. ஓரெழுத்திற்குப் பல வடிவம் வைத்தல் இப்போது செலவன்று. எனவே அப்பயனோடு நில்லாமல், சிவிலிதே ஆற்றிய பணியையும் அவற்றிடம் கொள்ளலாம் என்பது எம் கருத்து. ஓலைக் கையெழுத்தின் வடிவங்களை நூற்றாண்டு வாரியாக எழுத்துருவாக்கி, அறிந்த பாடலொன்றை ஒரு பக்கம் இற்றை எழுத்திலும் எதிர்ப்பக்கம் ஓலையெழுத்திலும் அச்சிட்டு மாணவர்க்கு அளித்தல் வேண்டும். கண் பழகின் ஏடும் பழகும். படிப்பார் அற்றபின் ஏட்டைக் காத்துவைத்தலால் மட்டும் பயன் விளையாது.