ஓடிப்போகும் டாலரும் நம் ஊர் ஏலக்காயும்

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் ஒரே ரகமல்ல. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலைபோன ஏலக்காய் அரபு நாடுகளுக்குச் சென்று ஈட்டித் தரும் டாலர் ஒரு வகை. ராசிங்காபுரம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா சென்ற பிள்ளை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் இன்னொரு வகை. இவை உழைப்புக்கு வந்த பணம், திரும்பிப் போகாது. மூன்றாவது, அந்நிய முதலீட்டாளர்கள் நம் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் பணம். வேறிடத்தில் லாபம் கூடுதல் என்று தெரிந்தால் விற்றுவிட்டுக் கிளம்பிவிடும். வளரும் நாடுகளுக்குத் தீராத தலைவலி இந்த மூன்றாவது பணம்தான்.

2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, சந்தையில் பணம் இறக்குவதை மெல்லக் குறைக்கக்கூடும் என்றார். குறைக்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான்! 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. வளைகுடாப் பணம் வரும் வீட்டுக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. வராத வீட்டுக்கு விலைவாசிதான் வந்தது. டாலர் ஏறினால் ஏலக்காய் ஏற்றுமதிக்கு நல்லது என்பார்கள். ஆனால் தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷும், ஜீப்புக்கு ஊற்றும் டீசலுக்கான கச்சா எண்ணெயும் இறக்குமதிதானே?

அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 10 சதவீதமாக்கியது. இங்குள்ள ஒருவர் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றிருந்ததை ரிசர்வ் வங்கி 75,000 ஆகக் குறைத்தது. கைகொடுத்தது வேறொன்று. செப்டம்பர் 4 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் மூன்றாண்டுக்குக் குறையாத டாலர் வைப்புகளைத் திரட்டும் வங்கிகளுக்குச் சலுகை அறிவித்தார். நவம்பர் முடிவதற்குள் சுமார் 2,600 கோடி டாலர் சேர்ந்தது. அதில் கணிசமான பகுதி, பெரும் செல்வந்தர்கள் அங்குள்ள வங்கிகளில் கடன் வாங்கிப் போட்டது. 2016-இல் அதன் பெரும்பகுதி திருப்பித் தரப்பட்டது. ஆகவே இதை வட்டிக்கு வாங்கிய அவகாசம் என்றே நாம் சொல்வோம். வட்டிப் பக்கமே போகாத குடும்பங்களும் அந்தப் பொருளாதாரத்துக்குள்தான் வாழ்கின்றன.

நம்மவர்கள் பலர் வாழும் மலேசியா 1998 செப்டம்பரில் வேறு வழியில் போனது. வெளியே போகும் கதவை மகாதீர் சாத்தினார். பங்குகளை விற்ற அந்நியர் அந்தப் பணத்தை 12 மாதம் எடுத்துச் செல்ல முடியாது, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலையான மாற்று விகிதம். அன்று உலகமே திட்டியது. 2012-இல் சர்வதேச நாணய நிதியமே, சில சூழல்களில் இத்தகைய கட்டுப்பாடு தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டது.

சிலி நாடு 1991-இலேயே உள்ளே வரும் கதவில் காவல் வைத்தது. வரும் கடன் பணத்தில் ஒரு பங்கை மத்திய வங்கியில் வட்டியின்றிப் போட்டுவைக்க வேண்டும். அவசரக்காரருக்கு அது கட்டுப்படியாகாது, நின்று தொழில் செய்பவருக்குப் பெரிய சுமையில்லை. நமக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. பணம் கிளம்பிய பிறகு மறிப்பதைவிட வரும்போதே தரம் பிரிப்பது எளிது.

இந்தியா அரசுக் கடன் பத்திரங்கள் பலவற்றில் அந்நியருக்கு உச்சவரம்பு வைத்திருப்பதோடு, டாலர் தாராளமாக வரும் நாளில் வாங்கிச் சேர்க்கிறது. 2013 ஆகஸ்டில் 30,000 கோடி டாலருக்கும் கீழே இருந்த கையிருப்பு, 2021-இல் 60,000 கோடியைத் தாண்டியது. சும்மா கிடைத்ததல்ல. குறைந்த வருமானம் தரும் அந்நியப் பத்திரங்களில் அவ்வளவு பணத்தை முடக்கிவைக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் அமெரிக்கா வட்டியை வேகமாக உயர்த்தி, முதலீட்டாளர்கள் விற்று வெளியேறியபோது, ரிசர்வ் வங்கி அந்தக் கையிருப்பிலிருந்து டாலரை விற்றது. அப்போதும் ரூபாய் சரிந்தது. ஆனால் 2013-இல் மூன்றே மாதத்தில் கண்ட சரிவை அது அந்த ஆண்டு முழுவதிலும் எட்டவில்லை.