மன்சி நகரின் இரண்டு கியர்பாக்ஸ்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்றொரு தொழில் நகரம். போர்க்-வார்னர் நிறுவனத்தின் வார்னர் கியர் ஆலை அங்கேதான் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ் செய்த ஆலையும் அதே ஊரில்தான். முதல் ஆலையின் டி-10 என்ற நான்கு வேக கியர்பாக்ஸ் 1957இல் ஷெவர்லே கார்வெட்டில் ஏறியது. 1963 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்து டி-10ஐ விலக்கியது. ஊர்ப் பெயரே அந்தப் பெட்டிக்கும் நிலைத்துவிட்டது.

பழைய கார்வெட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது ஓயாத தலைவலி. டி-10இன் அமைப்பை ஒட்டியே மன்சி உருவானது. இரண்டிலும் முன் கியர்களுக்கான இரண்டு லீவர்கள் பக்க மூடியில் இருக்கும். ரிவர்ஸ் லீவர் மட்டும் தனியே பின்கூட்டில் இருக்கும். 1963 மாடலின் தொடக்க கார்கள் சிலவற்றில் டி-10தான் வந்தது என்பதால், வண்டியின் ஆண்டை வைத்தும் முடிவு சொல்ல முடியாது.

பக்க மூடிதான் முதல் சாட்சி. மன்சியின் மூடியை 7 போல்ட்டுகள் பிடித்திருக்கும். டி-10இல் 9 போல்ட்டுகள். மூடியின் கீழ் விளிம்பும் வளைந்து இறங்கும். வண்டிக்கு அடியில் படுத்தபடியே எண்ணிவிடலாம். ஆனால் 7 போல்ட் இருந்தாலே மன்சி என்று துள்ளிவிடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸின் மலிவான சாகினா பெட்டிக்கும் 7 போல்ட்தான். அதில் ரிவர்ஸ் உட்பட மூன்று லீவர்களும் பக்க மூடியிலேயே இருக்கும், பெட்டியும் வார்ப்பிரும்பு. மன்சியோ தொடக்கம் முதலே அலுமினியம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாது. டி-10 வார்ப்பிரும்பில் தொடங்கிப் பின்னர் அலுமினியத்துக்கு மாறியது. ஆகவே காந்தம் ஒட்டினால் அது மன்சி அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் போல்ட்டுகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது வார்ப்பு எண். அச்சிலேயே அமைந்து, உலோகத்தோடு சேர்ந்து புடைத்து நிற்கும் எண் இது. டி-10 பெட்டிகளின் வார்ப்பில் அந்தப் பெயரே எண்ணின் பகுதியாக வரும். குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மன்சியில் வெறும் ஏழு இலக்கங்கள். 3831704 என்றால் 1963. 3851325 என்றால் 1964–65. 3885010 என்றால் 1966–67. அதற்குப் பிந்தைய பெட்டிகளில் 3925660, 3925661 ஆகியவை வரும். இந்த மாற்றங்களுக்குக் காரணம் உண்டு. 1965 வரை கீழ்க் கியர் தொகுதியைத் தாங்கிய ஊசித்தண்டு 7/8 அங்குலக் கனம். 1966இல் அதை 1 அங்குலமாகத் தடிப்பாக்கினார்கள். பெட்டியின் துளை பெரிதானதால் அச்சும் மாறியது, எண்ணும் மாறியது. தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் 1966க்குப் பிந்தைய வார்ப்பைத் தேடுவது இதனால்தான். என் கருத்தும் அதுவே: ஓட்டுவதற்கு வாங்கினால் 3885010 அல்லது அதற்குப் பிந்தையதை வாங்குங்கள், முந்தையவற்றை அந்த ஆண்டு வண்டியை அசல் நிலைக்குக் கொண்டுவருபவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் கூட்டைப் பற்றிய செய்திதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வார்ப்பு சொல்லாது. பலர் பணத்தை இழப்பது இங்கேதான். எம் 20, எம் 21, எம் 22 என்ற மூன்று வகை மன்சியும் ஒரே கூட்டில்தான் வந்தன. எம் 20இன் முதல் கியர் விகிதம் 1966 முதல் 2.52, மற்ற இரண்டுக்கும் 2.20. எம் 22இல் கியர்ப் பற்களின் சாய்வு குறைவு. அதனால் தண்டை முன்னும் பின்னும் தள்ளும் விசை குறைந்து, பெட்டி அதிக முறுக்குவிசையைத் தாங்கும், இரைச்சலும் கூடும். 'ராக் கிரஷர்' என்ற பட்டப்பெயர் அந்த இரைச்சலால் வந்தது. சந்தையில் மிக அதிக விலை அதற்குத்தான்.

பஞ்ச் அடித்த எண் இங்கே உதவும். இது வார்ப்பு எண்ணிலிருந்து வேறுபட்டது. புடைத்திராமல் உலோகத்துக்குள் பதிந்திருக்கும். மன்சி ஆலையைக் குறிக்கும் 'பி' எழுத்து முதலில், அதன்பின் தயாரிப்புத் தேதி; 1967 மாடல் முதல் அது ஆண்டு, மாதத்துக்கான எழுத்து, தேதி என்ற வரிசையில் வரும். 1969 மாடல் முதல் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தது: ஏ என்றால் எம் 20, பி என்றால் எம் 21, சி என்றால் எம் 22. ஆனாலும் ஐம்பது ஆண்டுகளில் பெட்டி எத்தனை பட்டறைகளுக்குப் போயிருக்கும்! கியர்களை மாற்றியிருப்பார்கள், எழுத்தையே புதிதாக அடித்திருக்கவும் கூடும். புதிதாக வார்த்த நகல் கூடுகளும் விற்பனைக்கு வருகின்றன.

ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல், முதல் கியரில் போட்டு, உள்தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். வெளித்தண்டு ஒரு முழுச் சுற்று வர உள்தண்டு இரண்டரைச் சுற்று எடுத்தால் எம் 20. இரண்டே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் எம் 21 அல்லது எம் 22. இவ்விரண்டில் எது என்பதைப் பற்களின் சாய்வு ஒன்றே காட்டும். அதற்கு எண்ணெயை வடித்து மூடியைத் திறக்க வேண்டும். விற்பவர் அந்த ஏழு போல்ட்டுகளைக் கழற்றிக் காட்ட மறுத்தால், எம் 22 என்று அவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சாதாரண மன்சியின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.