மகாகனி: கோடரிக்குப் பின்னால் வந்த பெயர்

மெக்சிகோ முதல் அமேசான் வரை பரவியிருக்கும் பெரிய இலை மகாகனிக்கு 1886இல் தாவரவியலாளர் ஜார்ஜ் கிங் 'சுவீட்டேனியா மேக்ரோஃபில்லா' என்று பெயர் சூட்டினார். அவர் ஆராய்ந்தவை அந்தக் காட்டு மரங்கள் அல்ல. ஹோண்டுராஸ் விதையிலிருந்து கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்தவை. அதற்குள் இம்மரத்தின் கட்டைகள் கப்பலேறத் தொடங்கி நூறாண்டு கடந்திருந்தது. ஒரு மரம் இத்தனை காலம் விலைபோன பிறகும் தாவரவியலில் தனிப் பெயரின்றி இருந்தது எப்படி?

வணிகம் தொடங்கியது வேறோர் இனத்தில். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1721இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களின் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியதும், ஜமைக்காவின் சிறிய இலை மகாகனி லண்டன் தச்சுப் பட்டறைகளில் குவிந்தது. லின்னேயஸ் 1759இல் அதைச் செட்ரேலா பேரினத்தில் வைத்தார். மறு ஆண்டே தாவரவியலாளர் யாக்கின் அதைப் பிரித்து, வியன்னா அரண்மனை மருத்துவர் வான் சுவீட்டனின் பெயரில் புதிய பேரினம் அமைத்தார். ஜமைக்காவில் கைக்கெட்டிய மரங்கள் தீர்ந்தபோது வணிகர் பார்வை இன்றைய பெலீசில் வளர்ந்த பெரிய இலை மகாகனிக்குத் திரும்பியது. 1786ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் மகாகனி வெட்டும் உரிமையை ஸ்பெயின் அங்கே ஆங்கிலேயருக்கு அளித்தது. வைரம் சிவந்து, ரேகை அழகாக ஓடி, இழைப்புளிக்கு இணங்கினால் சந்தைக்குப் போதும். பலகையில் இலையைப் பார்ப்பவர் யார்?

இலையைப் பார்த்தவர்கள் காட்டில் இருந்தார்கள். பெலீஸ் குடியேற்றம் பற்றி ஹென்டர்சன் 1809இல் வெளியிட்ட நூல் அவர்களின் வேலையை விவரிக்கிறது. ஆகஸ்டில், மரம் வெட்டிய அடிமைகளுள் தேர்ந்த ஒருவர் புதரை வெட்டி வழி செய்து மேட்டுநிலம் சேர்வார். அங்கே உயர்ந்த மரமொன்றின் உச்சிக்கு ஏறிக் காட்டை நோட்டமிடுவார். பச்சைக் கடலுக்குள் மஞ்சள் கலந்த செந்நிறம் தெரியும் இடமெல்லாம் மகாகனி. இறங்கியபின் கண்ணளவை ஒன்றை மட்டும் நம்பி அடர்காட்டில் அந்த மரத்தை அடைவார். பலகைவேர்களுக்கு மேலே பரண் கட்டி வெட்டுவார்கள். கோடையில், வெயில் தாளாத மாடுகளுக்காக, இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கட்டைகளை ஆற்றங்கரைக்கு இழுப்பார்கள். மழை வெள்ளம் அவற்றைக் கீழே கொண்டுபோகும். இன்றைய பெலீஸ் கொடியில் மகாகனியின் முன் இருவர் நிற்கிறார்கள்: ஒருவர் கையில் கோடரி, மற்றவர் கையில் துடுப்பு. உச்சிக்கிளையில் அமர்ந்து இலையின் நிறம் படித்த அந்த மனிதர்களை இம்மரத்தின் முதல் ஆய்வாளர்களுள் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அவர்கள் பெயர் எந்த இனப்பெயரிலும் இல்லை.

மரத்தின் இயல்பும் தாவரவியலாளரைத் தாமதப்படுத்தியிருக்கும். 30, 40 மீட்டர் உயரத்தில், கிளை நுனியில் பூக்கும் சிறு வெளிர்ப்பூக்கள் தரையிலிருந்து கண்ணில் படா. மகாகனி வேம்பின் குடும்பம். கூட்டிலை அதையே நினைவூட்டும், ஆனால் விளிம்பில் பல் இருக்காது. காய் மரக்கட்டைபோல் தடித்து, வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் அடியிலிருந்து ஐந்து ஓடுகளாகப் பிளக்க, நடுத்தண்டில் அடுக்கிய பழுப்பு விதைகள் வெளிப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சிறகு. கையிலிருந்து விட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். கடித்தால் வேப்பங்கொட்டைக் கசப்பு.

அந்த விதை முளைக்கலாம், ஆனால் நிழலில் கன்று தேறாது. புயலோ தீயோ வெள்ளமோ திறந்துவிட்ட வெளிச்சம் அதற்கு வேண்டும். பெருமரத்தை மட்டும் பொறுக்கி வெட்டும் முறையில் விதை தரும் தாய்மரம் போய்விடுகிறது, சுற்றியுள்ள நிழலோ அப்படியே நிற்கிறது. தாயகத்தில் தோப்பாக நட்டாலும் ஹிப்சிபைலா என்னும் அந்துப்பூச்சியின் புழு நுனிக்குருத்தைத் துளைக்க, மரம் கவைபட்டு நேர்த்தண்டை இழக்கிறது. ஆசியாவிலும் இப்புழுவின் உறவினம் உண்டு. தமிழ்நாட்டில் மகாகனி நடும் உழவர் இளங்கன்றின் குருத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அருகும் உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் 2002இல் சாண்டியாகோவில் இவ்வினத்தை, வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2003 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அக்கட்டுப்பாடு அமெரிக்க வெப்பமண்டல மரங்களுக்கே உரியது. இனத்துக்குப் பெயர் கிடைக்கக் காரணமான கல்கத்தா மரங்களும், நம் தோட்டங்களில் வளர்பவையும் அதற்கு வெளியே நிற்கின்றன.