இரவில் வந்த சென்னைக் குரல்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழர் இல்லங்களில், இரவு உணவு முடிந்ததும் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிச் சென்னை நிலையத்தைத் தேடுவது முன்னாளில் வழக்கமாயிருந்தது. பகலில் எட்டாத அக்குரல் இரவில் மட்டும் எட்டியது ஏன்? மத்திய அலைகளைப் பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடுகிறது. இருள் சூழ்ந்ததும் அவை மேலடுக்கிற்பட்டுத் திரும்பிப் பல நூறு மைலுக்கு அப்பால் வந்திறங்குகின்றன. நம்மவர் அலைகளுடன் அயல்நாட்டார் அலைகளும் அவ்வாறே வந்திறங்கும் அல்லவா? சிக்கல் அங்கேதான் பிறந்தது.

அதன் வரலாறு கொல்கத்தா ஒலிபரப்பின் வயதை உடையது. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் கொல்கத்தா நிலையம் பேசத் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, ஒலிபரப்புக்கு இவை, கப்பல்களுக்கு இவை என்று அலைவரிசைகளை முதன்முறையாகப் பகுத்தளித்தது. 1933இல் இயற்றப்பெற்ற இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. பெட்டியை ஆளச் சட்டம் போதும். எல்லை கடந்துவரும் அலையை ஆள ஒரு நாட்டுச் சட்டம் போதாது.

ஐரோப்பிய நிலையங்கள் பெரும்பாலும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும், ஆசிய நிலையங்கள் பல 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் இயங்கிவந்தன. ஒரு நிலையம் 657இலும் மற்றொன்று 660இலும் பேசினால், இடையேயுள்ள வேறுபாடு நொடிக்கு 3,000 அதிர்வுகளாகிக் கேட்போர் செவியில் சீழ்க்கையாய்ப் பாயும். பாட்டும் போயிற்று, செய்தியும் போயிற்று!

1975இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா ஆகிய பகுதிகளுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அளவை வகுத்தது. 1978 நவம்பர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 1,080 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பரப்பில் 108 இடங்களுக்கு மாறாக 120 இடங்கள் கிடைத்தன. இந்திய நிலையங்களும் இம்முறைக்கு மாறின. கொல்கத்தாவின் 657, சென்னையின் 720 ஆகிய இரண்டும் ஒன்பதால் மீதியின்றி வகுபடுவது இதனாலேயே.

1981இல் நமது தேசிய அலைவரிசைப் பகிர்வுத் திட்டம் உருவாயிற்று. உலக மாநாடுகளின் முடிவுகளுக்கேற்ப அது பன்முறை திருத்தப்பெற்றுள்ளது. 1885, 1933ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு மாற்றாக 2023இல் இயற்றப்பெற்ற தொலைத்தொடர்புச் சட்டம், இத்திட்டத்திற்குச் சட்டத்திலேயே இடமளித்திருக்கிறது.

தன்னாட்சி பெற்ற நாடு உலகோர் வகுத்த கணக்கிற்கு ஏன் இணங்கவேண்டும் என்று வினவுவோர் உளர். 1869 முதல் அப்பன்னாட்டுச் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றுள்ள நாம், அக்கணக்கை வகுக்கும் அவையில் அமர்ந்திருக்கிறோம். ஒழுங்கு இல்லையேல் ஆற்றல் மிக்க நிலையம் எப்படியும் தன் குரலை ஏற்றிவிடும். நிலையத்தின் அருகில் வாழ்பவரும் கேட்டுவிடுவர். இழப்பவர் தொலைவிலிருந்து செவிசாய்ப்பவரே. நேயர்களே, ஊரைவிட்டு வந்த நாம் அனைவரும் அவ்வரிசையில் உள்ளவர்கள்தாமே!