சிறுதேரும் ரப்பர் கொட்டையும்

விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனைகளிலும் காட்சிச்சாலைகளிலுமே தொடங்குவர். அங்கே தந்தத்தாலும் வெள்ளியாலும் இயன்ற பாவைகள் கண்ணாடிப் பெட்டிகளுள் உறங்குகின்றன. அவற்றோடு விளையாடிய குழந்தைகள் சிலர். அவற்றைத் துடைத்துக் காத்த வேலையாட்களோ பலர். நம் தோட்டப்புறங்களில் லயத்து வாயிலில் ஓடித் திரிந்த பிள்ளைகளின் கையில் இருந்தவை யாவை என்று ஜார்ஜ் டவுன் நண்பர்களைக் கேட்டால், "அவர்களுக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை" என்று இரக்கத்தோடு விடை கூறுவர். இரக்கம் நல்லதே, விடைதான் பொருந்தாது. பொருள் இருந்தது, விளையாடுதற்குப் பொழுதுதான் இருந்ததில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால், எழுதப்பட வேண்டிய வரலாறு ஒன்று எழுதப்படாமலே கழிகின்றது.

நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்றுகால் சிறுதேரை உருட்டி வருகின்றனர். உலர்த்திய நெல்லைக் கவர வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிகின்றாள். அவ்வணி வழியிற் கிடந்து சிறுதேரைத் தடுக்கின்றது. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். தேரைத் தம் வீட்டிலேயே நாள்தோறும் காணும் தச்சர் பிள்ளைகளும் ஆசைப்படும்படி அழகுறச் செய்த தேர் அது. இரண்டும் செல்வர் வீட்டுத் தேர்களே. முதற்பாட்டில் பிள்ளையின் காலிற் பொன் கிடக்கிறது. இரண்டாம் பாட்டில் பிள்ளையை அணைத்துக் கொள்ளச் செவிலி இருக்கிறாள். ஆயினும் தச்சர் பிள்ளைகளின் ஆசையை அப்புலவர் மறவாது குறித்தாரே, அஃது எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. தேரைச் செய்யும் குடியிற் பிறந்த பிள்ளை, பிறர் வீட்டுத் தேருக்காக ஏங்குகின்றது. இன்றும் நிலை அதுதானே!

வடமொழியில் சூத்திரகர் இயற்றியதாகக் கூறப்படும் மிருச்சகடிகம் என்னும் நாடகம் தன் பெயரையே ஒரு மண்வண்டியினின்று பெற்றது. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியோடு விளையாடிய ரோகசேனன், தனக்குக் கிடைத்த மண்வண்டியைக் கண்டு அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அவ்வண்டியை நிரப்புகிறாள். குழந்தையின் அழுகையைப் பொன்னால் அடக்கலாம் என்று அவள் எண்ணியது எனக்கு உடன்பாடன்று. ஆனால் ஏழைத் தந்தையின் பிள்ளைக்கும் ஒரு வண்டி இருந்தது என்பதும், அது மண்ணால் ஆனது என்பதும் நமக்கு வேண்டிய சான்று.

பிள்ளைத்தமிழ் நூல்களோ பருவங்களையே விளையாட்டுப் பொருள்களால் வகுத்துவிட்டன. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். இவற்றுள் சிற்றில் என்பதைச் சற்று நோக்குக. மணலில் சிறுவீடு கட்டுவோர் சிறுமியர். அதனைக் காலால் சிதைக்க வருபவன் சிறுவன். "சிதையாதே" என்று சிறுமியர் வேண்டுவதே அப்பருவத்துப் பாட்டு. ஆக்குதல் ஒருவர்க்கும் அழித்தல் மற்றொருவர்க்கும் என்று தொட்டிற் பருவத்திலேயே பங்கிட்டுவிட்டனர் நம் முன்னோர். பாட்டின் இனிமையிலே நாம் இதனைக் கவனிப்பதில்லை.

இனிக் கடல் கடந்து ஜெர்மனி தேசத்திற்குச் செல்வோம். அங்கே நடந்தது ஒன்று நம் தோட்டத்துக் கதைக்கு விளக்காக அமையும். வுர்ட்டம்பர்க்குப் பகுதியில் கீங்கன் என்னும் சிற்றூர். 1847இல் அங்கே பிறந்த மார்கரேட் ஸ்டைஃப் என்னும் பெண், கைக்குழந்தையாய் இருந்தபோதே இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்து, வலக்கையும் வலுக்குன்றி, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் தையல் கற்று, 1877இல் ஃபெல்ட் துணியால் ஆடைகள் தைத்து விற்கும் கடை வைத்தார். ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று. ஆட்டு மயிரை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்த்து அழுத்தினால், மயிரின் நுண்செதில்கள் ஒன்றையொன்று கௌவி இறுகித் தகடாகும். நம் பெரியோர் அணிந்த தொப்பிகளை நினைவுகூர்ந்தால் விளங்கும். பாவும் ஊடையும் இல்லாமையால் அதனை எப்படி வெட்டினும் விளிம்பு பிரியாது. 1880இல் அவ்வம்மையார் ஃபெல்ட்டைக் கொண்டு சிறிய யானைகள் தைத்தார். குண்டூசி குத்தி வைக்கும் மெத்தையாகப் பெண்களுக்குப் பயன்படும் என்பதே அவர் கருத்து. குழந்தைகளோ ஊசிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு யானையைத் தூக்கிக்கொண்டு போயினர். அந்த யானையினின்று எழுந்ததே உலகப் புகழ்பெற்ற பொம்மைத் தொழிற்சாலை.

அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்டு 1902இல் கைகால் அசையும் கரடியொன்றை வகுத்தார். அது ஃபெல்ட் அன்று, மயிர்த்துணி. 1903இல் லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகள் வேண்டுமென்றார். அதற்குச் சற்று முன்னர், 1902 நவம்பரில், அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி நாட்டு வேட்டையில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தமையால், அவர் செல்லப்பெயர் அந்நாட்டுப் பொம்மைக் கரடிகளுக்கு வழங்கலாயிற்று. ஆங்கில வழிப் படித்த என்போன்றோர்க்கு இந்த டெட்டிதான் முதலில் அறிமுகம், மரப்பாச்சி பின்னரே. இதற்கு நாணவேண்டுவதில்லை, ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டுவது உண்டு.

கீங்கன் ஊரில் ஃபெல்ட் இருந்தது. ஆதலின் ஃபெல்ட் யானை பிறந்தது. பனை இருந்த நாட்டில் ஓலைக் கிலுகிலுப்பையும் ஓலைக் காற்றாடியும் பிறந்தன. தஞ்சையில் களிமண்ணும் காகிதக் கூழும் கொண்டு, அடிப்பாகம் கனத்து உருண்டதாகச் செய்த பொம்மை, எப்புறம் தள்ளினும் நிமிர்ந்து நிற்கின்றது. ஆக, விளையாட்டுப் பொருள் என்பது அந்தந்த ஊர்த் தொழில் மலிவாய்த் தருவதிலிருந்தும் மிச்சமாய் விடுவதிலிருந்தும் பிறப்பது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டால், ரப்பர் தோட்டத்தில் என்ன பிறந்தது என்று கேட்பது முறையன்றோ?

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை, அந்நாளைய வெல்லெஸ்லி மாநிலம், முதலிற் கரும்புக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாய் வந்த தமிழர் கரும்பு வெட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தோர் கையில் மூட்டை ஒன்றே. அதனுள் பொம்மைக்கு இடம் ஏது? ஆனால் விளையாட்டு மூட்டையில் வருவதன்று, நினைவில் வருவது. தரையில் பதினான்கு குழி தோண்டினால் பல்லாங்குழி. வந்து பார்த்தால் மலாய்க்காரர் வீட்டிலும் அதே குழிகள், சொங்காக் எனப் பெயர் பெற்று, இருபுறமும் ஏழேழாய், முனைகளில் இரண்டு களஞ்சியக் குழிகளோடு இருந்தன. நம் பெண்கள் ஊரில் புளியங்கொட்டையும் சோழியும் இட்டு ஆடியவர்கள். இங்கே மஞ்சாடி மணிகளைப் பொறுக்கிக் கொண்டனர். மலாய்ப் பெண்களும் அவற்றையே சாகா என்று கூறி இட்டு ஆடினர். மொழி தெரியாத இரு சிறுமியர் ஒரு குழிவரிசையின் முன் அமர்ந்து ஆட இயலும் என்பது சிறிய செய்தியன்று.

இனி, ரப்பரிலேயே பிறந்தவை. பால் வெட்டிய காயத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உருட்டி உருட்டிப் பந்து செய்தனர் பிள்ளைகள். துள்ளுவதில் அதற்கு இணையில்லை. ஆனால் ஒட்டுப்பாலுக்கும் நிறுத்துக் கூலி உண்டு; பந்தின் கனம் தாயின் கணக்கிற் குறையும். ஆகவே பந்து செய்த பிள்ளைக்கு முதுகிற் கிடைத்ததும் உண்டென்று எங்கள் தோட்டத்து முதியோர் சொல்வர். கணக்கெழுதும் கிராணியாகிய எனக்கு இச்செய்தி சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது. எடையிற் சேராத பொருள் எதுவோ அதுவே பிள்ளைக்கு உரியதாகும். கொட்டைக்கு, நாற்றங்காலுக்கு வேண்டிய காலம் நீங்கலாக, விலையில்லை. ஆதலின் ரப்பர் கொட்டை பிள்ளைகளுடையதாயிற்று.

அந்தக் கொட்டையின் பழங்கதையும் விசித்திரமானது. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை லண்டனருகே கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் அங்குத் தாவரத் தோட்டத் தலைவராக வந்த ரிட்லி, சட்டைப்பையில் கொட்டைகளை நிரப்பிக்கொண்டு காண்போர்க்கெல்லாம் கொடுத்து நடச் சொன்னமையால் பித்தர் என்று பெயர் பெற்றார். துரைமாரின் பையில் செல்வமாய் இருந்த கொட்டை, நம் பிள்ளைகளின் பையில் விளையாட்டாய் இருந்தது.

முற்றிய காய் வெயிலில் பட்டென்று வெடித்து மூன்று கொட்டைகளைத் தொலைவிற் சிதறும். சாம்பலும் பழுப்புமாய்ப் புள்ளியிட்ட ஓடு. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்பது குறும்பு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, எதன் ஓடு உடைகிறதோ அதன் உடையவன் தோற்றான் என்பது போர். பல போர் வென்ற கொட்டையை இரவில் தலையணைக்கடியில் வைத்து உறங்கினவர் உண்டு. பருப்பை மட்டும் பச்சையாய்த் தின்னலாகாது. அதில் நஞ்சு உண்டு.

இவற்றினும் சிறந்தது சுழலி. கொட்டையின் இரு முனைகளிலும் பக்கத்தில் ஒன்றுமாக மூன்று துளையிட்டு, கம்பியால் உள்ளே கிளறிப் பருப்பை வெளியேற்ற வேண்டும். முனைத் துளைகளின் வழியே வழவழப்பாய்ச் சீவிய மூங்கிற்குச்சி ஒன்றைச் செருகி, அதன் நடுவிற் கட்டிய நூலைப் பக்கத்துளையால் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். குச்சியின் உச்சியில் மூங்கிற் பட்டையால் ஆன சிறகு. குச்சியைத் திருகி நூலை உள்ளே சுற்றிவிட்டுச் சட்டென்று இழுத்தால் சிறகு விர்ரென்று சுழலும், பிடியைத் தளர்த்தினால் அச்சுழற்சியின் வேகமே நூலை மறுபடியும் உள்ளே சுற்றிக்கொள்ளும், மீண்டும் இழுக்கலாம். நூல் நழுவாமல், குச்சி சிக்காமல், துளை பெரிதாகாமல் இதனைச் செய்து முடிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறியியலின் முதற்பாடம் முடிந்துவிட்டது. அதைக் கற்பித்தவர் பள்ளி ஆசிரியரல்லர். மூன்று மாதம் மூத்த அண்டை வீட்டுப் பிள்ளை.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். இத்தீவில் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலேயே தமிழ் வகுப்பு இருந்தது. ஆனால் தோட்டத்தில், 7 முதல் 14 வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் பள்ளி வைக்க வேண்டுமென்று சட்டம் வற்புறுத்தும் வரை, பலவிடங்களில் ஆயாக்கொட்டகையை விட்ட பிள்ளைக்கு அடுத்த இடம் புல்வெட்டுக் கும்பலே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் அவ்விதி இருந்தும், கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே பல பள்ளிகள் நடந்தன. அக்காலத்தே ஐரோப்பாவில் ஃப்ரோபெல் வகுத்த பாலர் பள்ளிகளில், குழந்தையின் கையில் முதலிற் கொடுப்பது ஆறு நிறக் கம்பளிப் பந்துகள் என்ற முறை வேரூன்றியிருந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் முடியுந்துணையும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். கை வழியே அறிவு வளரும் என்று அவ்வறிஞர்கள் நூல் எழுதி நிறுவியதை, லயத்துப் பிள்ளைகள் மாலை ஒருமணிப் பொழுதில், வேலைக்கும் இருட்டுக்கும் இடையே, தாமே நடத்திக்கொண்டிருந்தனர்.

இப்பொழுது ரப்பர் நிரைகள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் அடுக்குவீடுகளில் வாழ்கின்றன. சுழலி செய்யத் தெரிந்த கைகள் எழுபதைக் கடந்தவை. அக்கைகள் ஓயுமுன், விடுமுறை நாளொன்றில் பேரப்பிள்ளையை அருகிருத்தி ஒன்றேனும் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்யும்போதே அதன் பெயரையும் முறையையும் குறித்து வையுங்கள். தோட்டக் கணக்குப் புத்தகங்களில் ஒட்டுப்பாலின் எடை எல்லாம் இருக்கிறது. சுழலி ஒன்றேனும் இல்லை.

கொட்டை கிடைக்காத நகரத்தார்க்கு ஃபெல்ட் உண்டு. தையற்பொருட் கடைகளில் சிறு சதுரங்களாய் விற்கிறது. இக்காலத்து ஃபெல்ட்டிற் பெரும்பகுதி கம்பளியன்று, செயற்கை இழை. அதனாற் குறையில்லை, நம் ஈரக்காற்றில் பூச்சி அரிக்காது. யானையின் பக்கம் இரண்டு, வயிற்றோடு உட்கால்களுக்கு ஒரு துண்டு, காதுகள் இரண்டு. விளிம்பு மடிக்க வேண்டாமையால் ஏழு வயதுப் பிள்ளையும் தைக்கும். ஊசியைச் சிறுவன் கையிலும் கொடுங்கள். சிற்றிலைச் சிதைத்தது போதும். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு சிறந்தது. கெக்காபு என்று கேட்டால் சந்தையிற் கிடைக்கும். கண்ணுக்கு மணியோ பொத்தானோ வேண்டா. சிறு குழந்தை பிடுங்கி விழுங்கிவிடும். கறுப்பு நூலில் இரண்டு தையல் போதும்.