அமெரிக்காவில் சத்து மாத்திரைகளுக்கான அரசுக் கட்டுப்பாடு

அமெரிக்காவில் வைட்டமின், தாது உப்பு, மூலிகை, அமினோ அமிலம் ஆகியவற்றை மாத்திரையாகவோ தூளாகவோ விற்கும் தயாரிப்புகள் சட்டப்படி உணவு வகையைச் சேர்ந்தவை, மருந்து அல்ல. புதிய மருந்தைக் கடைக்குக் கொண்டுவரும் நிறுவனம், அது பாதுகாப்பானது, பயன் தருவது என்பதை உணவு, மருந்து நிர்வாகத்திடம் (எஃப்டிஏ) முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். சத்து மாத்திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது கெடுதல் செய்கிறது என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டு இழுபறி இருக்கிறது.

1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியபோது வைட்டமின் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. காஸிமிர் ஃபங்க் அதைச் சூட்டியது 1912-இல். 1937-இல் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். அடுத்த ஆண்டே புதிய உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் வந்தது. அதில் ‘சிறப்பு உணவுத் தேவைக்கான’ பொருள்கள் என்று ஒரு தனிப்பிரிவு சேர்ந்தது. அதன்கீழ் 1941-இல் வைட்டமின் தயாரிப்புகளின் லேபிளில் என்ன எழுத வேண்டும் என்ற முதல் விதிகள் வெளியாயின.

எஃப்டிஏ இதைவிடக் கடுமையான விதிகளைக் கொண்டுவர 1960-களில் முயன்றது. நீண்ட விசாரணைகளுக்குப் பிறகு 1973-இல் அவை வெளிவந்தன. பரிந்துரைக்கப்பட்ட அன்றாட அளவில் 150 சதவீதத்துக்கு மேல் உள்ள வைட்டமின் மாத்திரையை மருந்தாகவே கருத வேண்டும் என்பது அவற்றின் சாரம். நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன, வழக்குகளும் தொடுக்கப்பட்டன. விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் புராக்ஸ்மயரின் பெயரால் அறியப்படும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வீரியம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வைட்டமினையோ தாது உப்பையோ மருந்து என்று வகைப்படுத்த எஃப்டிஏவுக்கு அதிகாரம் இல்லாமல் போனது.

1989-இல் நியூ மெக்சிகோவில் கடும் தசைவலியோடும், இயல்பை மீறிய ஈசினோஃபில் அணுக்களோடும் வந்த நோயாளிகள் அனைவரும் எல்-டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சாப்பிட்டவர்கள் என்று தெரியவந்தது. நாடெங்கும் 1,500-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 37 பேர் இறந்தனர். பாதிப்பு பெரும்பாலும் ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்தின் சரக்கோடு தொடர்புடையதாக இருந்தது. அதில் கலந்திருந்த அசுத்தம் காரணமா, அந்த அமினோ அமிலமே காரணமா என்ற விவாதம் வெகுகாலம் நீண்டது.

எஃப்டிஏ ஆணையர் டேவிட் கெஸ்லர் இதன்பின் கட்டுப்பாட்டை இறுக்க முனைந்தார். விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் அதற்கு எதிராகத் திரண்டனர். 1993-இல் ஒளிபரப்பான ஒரு விளம்பரத்தில் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் நடிகர் மெல் கிப்சனின் வீட்டுக்குள் புகுகிறார்கள். அவர் கையில் இருப்பது வைட்டமின் சி. சட்ட வாதங்கள் அனைத்தையும்விட இந்தக் கேலி அதிக வேலை செய்திருக்க வேண்டும். யூட்டா செனட்டர் ஆரின் ஹேட்ச், அயோவா செனட்டர் டாம் ஹார்கின் ஆகியோர் முன்னின்று நடத்திய மசோதா, 1994 அக்டோபர் 25 அன்று அதிபர் கிளின்டனின் கையெழுத்தோடு சட்டமானது.

இன்றுவரை இத்துறையின் அடித்தளம் அந்தச் சட்டமே. 1994 அக்டோபர் 15-க்கு முன் விற்பனையில் இருந்த மூலப்பொருள்களுக்கு எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை. அதன்பின் வரும் புதியவற்றுக்கு விற்பனைக்கு 75 நாள் முன்பு எஃப்டிஏவிடம் தகவல் தர வேண்டும். உணவில் ஏற்கெனவே அதே வடிவில் இருப்பவற்றுக்கு இதிலும் விலக்கு உண்டு. ‘எலும்புக்கு வலு சேர்க்கும்’ என்று லேபிளில் எழுதலாம். ‘எலும்பு மெலிவு நோயைக் குணமாக்கும்’ என்று எழுதக் கூடாது. முதல் வகைக் கூற்றின் அருகே, இதை எஃப்டிஏ மதிப்பிடவில்லை, நோயைத் தீர்ப்பதற்கான பொருள் இதுவல்ல என்ற அறிவிப்பு கட்டாயம். விளம்பரங்களைக் கண்காணிப்பது பெரும்பாலும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் வேலை. ஒரு பொருளைத் தடை செய்ய, அது ‘குறிப்பிடத்தக்க அல்லது நியாயமற்ற’ அபாயம் விளைவிக்கிறது என்று அரசு காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எஃபெட்ரா நல்ல உதாரணம். சீன மருத்துவம் மா ஹுவாங் என்று அழைக்கும் இந்தச் செடியில் உள்ள எஃபெட்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். உடல் மெலிய, விளையாட்டில் சுறுசுறுப்பு கூட என்று அது அமோகமாக விற்றது. ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று 1997-இல் எஃப்டிஏ முன்மொழிந்தது. அந்த அளவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1999-இல் சொன்னதால் அடுத்த ஆண்டே அந்தப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே முன்னணி விற்பனையாளரான மெட்டபோலைஃப் நிறுவனத்திடம் வாடிக்கையாளர் புகார்கள் 13,000-க்கு மேல் குவிந்திருந்தன. எஃப்டிஏவின் கைக்கு அவை 2002-இல்தான் வந்தன. புகாரைத் தெரிவிக்கும் கடமையே அப்போது நிறுவனங்களுக்கு இல்லை. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் அணியின் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார். அதில் எஃபெட்ராவுக்கும் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். தடை 2004 ஏப்ரலில் அமலானது. குறைந்த அளவில் அபாயம் நிரூபிக்கப்படவில்லை என்று யூட்டா நீதிமன்றம் 2005-இல் ஒரு நிறுவனத்தின் பக்கம் நிற்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் அதை மாற்றித் தடையை உறுதிசெய்தது. முதல் முன்மொழிவிலிருந்து இதற்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

எஃபெட்ரா காட்டிய ஓட்டைகளில் ஒன்றை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது: கடுமையான பக்கவிளைவு பற்றித் தகவல் கிடைத்தால் 15 வேலை நாள்களுக்குள் எஃப்டிஏவிடம் சொல்ல வேண்டும். மூலப்பொருள் எதுவென்று சோதித்தறிவது உள்ளிட்ட உற்பத்தி நெறிமுறைகள் 2007-இல் வெளியாயின. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு ஏற்கெனவே எச்சரித்திருந்தது. அறிவிக்காமல் மருந்தைக் கலப்பது இன்னொரு தலைவலி. ஆண்மைக்கான தயாரிப்புகளில் சில்டெனாஃபிலும், எடை குறைப்பவற்றில் சிபுட்ரமினும் திரும்பத் திரும்பப் பிடிபட்டன. 2007 முதல் 2016 வரை இத்தகைய 776 தயாரிப்புகளைப் பற்றி எஃப்டிஏ எச்சரித்தது.

2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் சரக்கைக் கட்டாயமாகத் திரும்பப் பெற வைக்கும் அதிகாரத்தை எஃப்டிஏவுக்குத் தந்தது. சால்மோனெல்லா கிருமி காணப்பட்ட கிராட்டம் தூளுக்காக, லாஸ் வேகஸ் நிறுவனம் ஒன்றின்மீது 2018 ஏப்ரலில் அத்தகைய முதல் ஆணை பாய்ந்தது. தயாரிப்புக் கூடங்கள் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எஃப்டிஏவிடம் பதிவு செய்துகொள்கின்றன. அங்கிருந்து கடைக்குப் போகும் தயாரிப்புகளின் பட்டியலைக் கொடுக்கும் கட்டாயம் இல்லை. அதைக் கொண்டுவர 2022-இல் செனட்டர் டிக் டர்பின் தாக்கல் செய்த மசோதா நிறைவேறவில்லை.