ஏட்டில் ஏறாத பெயர்கள்

அறிவு சிலருக்கே உரியது. மற்றவர்க்கு வாய்த்தது உழைப்பு ஒன்றே. இஃது இறைவன் வகுத்த ஏற்பாடு! இவ்வாறு பேசித்தான் ஆதிக்கம் எங்கும் தன்னை நிலைநாட்டிக் கொண்டது. உழைப்பவன் கை கருவியைப் பிடிக்கும். கருவியைக் காணும் மூளை அவனுக்கு இல்லை என்றனர். சான்று யாது எனக் கேட்டால், 'அவன் கண்டுபிடித்தது ஏதேனும் உண்டா? ஏட்டைப் புரட்டிப் பார்!' என்றனர். ஏடு யாரிடம் இருந்தது? எழுதுகோல் யார் கையில் இருந்தது? இவ்விரு கேள்விகளையும் கேட்காமல் ஏட்டைப் புரட்டுவது அறிவுடைமை ஆகாது. அமெரிக்க நாட்டின் காப்புரிமை ஏட்டை எடுத்து வைத்துக் கொண்டு, அக்கேள்விகளை நாம் கேட்டுப் பார்ப்போம்.

பேடண்ட் என்று வழங்கும் காப்புரிமையின் இயல்பு எளியது. புதியதொரு பொருளையோ முறையையோ கண்டவன், அதன் செய்முறையை ஒளிக்காமல் அரசுக்கு எழுதித் தருகிறான். அரசு, 'குறிப்பிட்ட ஆண்டுகள் வரை உன் இசைவின்றிப் பிறர் இதனைச் செய்யவோ விற்கவோ கூடாது' என்று உறுதி தருகிறது. காலம் முடிந்தபின் அது நாட்டின் பொதுச் சொத்து. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1790ஆம் ஆண்டு பிறந்தது. பட்டம் பெற்றவனா என்று அச்சட்டம் கேட்கவில்லை; பரம்பரை என்ன என்று கேட்கவில்லை; ஆலை முதலாளியா என்றும் கேட்கவில்லை. பின்வந்த சட்டங்களின்படி, 'இதனைக் கண்டவன் நானே' என்று ஆணையிட்டுக் கூறவேண்டும். எந்நாட்டுக் குடிமகன் என்பதையும் கூறவேண்டும். பார்வைக்கு எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! ஆனால், அந்தச் சிறிய ஆணைமொழிக்குள்ளேதான் பெரிய பூட்டு ஒன்று மறைந்திருந்தது.

நியூயார்க் நகரில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற தையற்காரர் இருந்தார். கறுப்பினத்தவர், ஆனால், அடிமையாகப் பிறந்தவர் அல்லர். உயர்ந்த துணிகள் அழுக்கேறினால் வழக்கமான முறையில் வெளுக்க இயலாது; வெளுத்தால் துணியே கெடும். அன்றாடம் தம் கடையில் கண்ட அந்தத் தொல்லைக்கு அவர் விடை தேடினார். துணியைக் கெடுக்காமல் அழுக்கு நீக்கும் 'உலர் சலவை' முறை ஒன்றைக் கண்டார். 1821ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று வரலாறு அறிந்திருப்பது அவரைத்தான். தொழிலில் உயர்ந்த அவர், அடிமை ஒழிப்பு இயக்கத்திலும் முன்னின்று உழைத்தார். 1836ஆம் ஆண்டு வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகம் தீப்பற்றி எரிந்தபோது, ஏறத்தாழ 10,000 ஆவணங்களோடு அவருடைய ஆவணமும் சாம்பலாயிற்று. அவர் எந்தப் பொருளைக் கொண்டு அழுக்கை நீக்கினார் என்பது அதனோடு மறைந்தது. ஆயினும் பெயர் நின்றது. ஏன் நின்றது? அவர் அடிமை அல்லர். ஆணையிட்டுச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. வாயே மறுக்கப்பட்டவன் நிலை என்ன?

மிசிசிப்பி மாநிலத்தில் நெட் என்ற அடிமை இருந்தான். ஊர்ப்பெயர், குடிப்பெயர் எதுவும் இல்லை, வெறும் நெட். கைத்தொழிலில் வல்லவன். பருத்தி வயலில் களை சுரண்டும் வேலை முதுகை ஒடிக்கும் வேலை. அதை எளிதாக்க, இரட்டைக் கலப்பையும் சுரண்டியும் இணைந்த கருவி ஒன்றை அவன் அமைத்தான். கண்டவன் நெட். காப்புரிமை கேட்டவன் யார்? அவனுடைய எசமானன் ஆஸ்கர் ஸ்டூவர்ட்! 1857ஆம் ஆண்டு அவன் அரசுக்கு எழுதினான். கருவியைக் கண்டவன் அடிமையே என்பதை அவன் மறைக்கவில்லை. மறைக்கத் தேவையில்லை என்று கருதினான். அடிமையின் கை உழைப்பு எசமானனுக்குச் சொந்தம் என்றால், மூளை உழைப்பும் அவனுக்கே சொந்தம் அல்லவா என்பது அவனது வாதம். மாட்டின் பாலுக்கு உரியவன் மாட்டுக்காரன் என்பதைப் போல!

1858ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் தம் கருத்தை வெளியிட்டார். அடிமை கண்ட கருவிக்குக் காப்புரிமை தர இயலாது என்றார். கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்லர் என்று அதற்கு முந்திய ஆண்டுதான் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே நெட் ஆணையிட இயலாது. எசமானனோ கண்டவன் அல்லன். ஆகவே அவனும் ஆணையிட இயலாது. கருவி இருக்கிறது, கண்டவன் இருக்கிறான், பயன் கண்கூடு. ஆனால், சட்டத்தின் கண்ணுக்கு அதைக் கண்டவர் எவரும் இலர்!

ஸ்டூவர்ட் சோர்ந்து விடவில்லை. காப்புரிமை இல்லாமலே கருவியைச் செய்து விற்றான். அதற்கு வெளியிட்ட விளம்பரத்தில் பண்ணையார் ஒருவரின் பாராட்டுக் கடிதத்தையும் சேர்த்தான். இக்கருவி ஓர் அடிமை கண்டது. அடிமைத்தனம் அறிவை மழுக்குகிறது என்போர் கூற்று பொய் என்பதற்கு இதுவே சான்று என்பது அக்கடிதத்தின் கருத்து. நெட்டின் மூளையில் பிறந்த கருவி, நெட்டின் விலங்குக்கே விளம்பரம் ஆயிற்று! 'அடிமைக்கு அறிவில்லை, ஆகவே அவன் அடிமை' என்று ஒரு நாள் பேசுவர், 'அடிமைக்கு அறிவுண்டு, ஆகவே அடிமைத்தனம் நல்லது' என்று மறுநாள் பேசுவர். வாதம் மாறும், முடிவு மட்டும் மாறாது. முடிவை முன்னே வைத்துக் கொண்டு காரணத்தைப் பின்னே தேடுவோரின் தருக்கம் இப்படித்தான் இருக்கும்.

1861ஆம் ஆண்டு, அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் தமக்கெனக் காப்புரிமைச் சட்டம் ஒன்றை இயற்றின. அடிமை கண்ட கருவிக்கு எசமானன் காப்புரிமை பெறலாம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதினர். அறிவே அற்றவர்கள் என்று யாரைப் பழித்தார்களோ, அவர்களுடைய அறிவைக் கொள்ளையிட ஒரு தனிச் சட்டப் பிரிவு! இல்லாத சொத்துக்கு எவரேனும் பூட்டுச் செய்வரா?

உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைத்தளை அறுந்தது. 1868ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் கறுப்பினத்தவரைக் குடிமக்களாக்கிற்று. பூட்டுத் திறந்ததும் நடந்தது என்ன? 1884ஆம் ஆண்டு ஜூடி ரீட் என்ற கறுப்பினப் பெண், மாவு பிசைந்து உருட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் அவர் கையெழுத்து இல்லை. பெருக்கல் குறி ஒன்றே உண்டு. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கிய மாநிலங்கள் இருந்த நாடு அது. எழுதத் தெரியாதவர்க்குச் சிந்திக்கத் தெரியும் என்பதற்கு அந்தக் குறியைவிட வேறு சான்று வேண்டுமோ? மறு ஆண்டு, சிக்காகோவில் மரச்சாமான் கடை நடத்திய சாரா கூட், பகலில் எழுதும் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் பயன்படும் மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். இடம் போதாத சிறு அறைகளில் வாழ்வோரின் இடர்ப்பாட்டுக்கு அது விடை.

இவர்களினும் பெரிய மாற்றத்தை விளைவித்தவர் ஜேன் மாட்செலிகர். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சுரினாமில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை டச்சுப் பொறியாளர், தாய் கறுப்பினத்தவர். கப்பலில் வேலை பார்த்து, அமெரிக்காவை அடைந்து, காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற லின் நகரில் ஓர் ஆலையில் சேர்ந்தார். தோலை வெட்டவும் தைக்கவும் அப்போதே இயந்திரங்கள் இருந்தன. கால் வடிவில் செய்த மர அச்சின்மேல் மேல்தோலை இழுத்து, மடித்து, அடித்தோலோடு சேர்த்து ஆணி அடிக்கும் வேலைக்கு மட்டும் இயந்திரம் இல்லை. தேர்ந்த கையாள் ஒருவன் ஒரு நாளில் 50 இணைகள் முடிப்பான். இந்த நுண்மை மனிதக் கைக்கே வரும். இரும்புக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாட்செலிகர் நம்பவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தார். விரல்களின் அசைவை நாள்தோறும் கவனித்தார். பகலில் ஆலை, இரவில் ஆராய்ச்சி. ஆங்கிலத்தையும் இயந்திர நூல்களையும் தாமே கற்றார். சுருட்டுப் பெட்டி மரத்தையும் கம்பியையும் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். வயிற்றுக்குச் செலவிட வேண்டியதை இயந்திரத்துக்குச் செலவிட்டார். அவர் அனுப்பிய வரைபடங்களைப் புரிந்து கொள்ள முடியாமல், காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியை நேரிலேயே அனுப்பிப் பார்க்கச் செய்தது. 1883ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் 274,207 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. 1885ஆம் ஆண்டுச் சோதனையில் அவ்வியந்திரம் 75 இணைகளைப் பழுதின்றி முடித்தது. பின்னர் நாளொன்றுக்கு 150 முதல் 700 வரை முடிக்கலாயிற்று. காலணியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெறுங்காலோடு நடந்த ஏழை கால்களுக்கு அது எட்டியது.

அவருக்குக் கிடைத்ததோ? இயந்திரத்தை முடிக்கப் பணம் இல்லாமையால், உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை முன்னரே பணம் போட்ட இருவருக்குத் தந்திருந்தார். 1889ஆம் ஆண்டு, 37 வயது நிறையுமுன் காசநோய்க்கு இரையானார். நிறத்தைக் காரணம் காட்டி அவ்வூர்த் தேவாலயங்கள் சில அவரை ஏற்க மறுத்திருந்தன; ஏற்றுக் கொண்ட ஒன்றுக்குத் தம் பங்குகளில் ஒரு பகுதியை எழுதி வைத்தார். பத்தாண்டு கழித்து, 1899இல், காலணி இயந்திரத் தொழில் முழுவதையும் வளைத்துக் கொண்ட பெரு நிறுவனம் ஒன்று எழுந்தது; அதன் அடித்தளத்தில் அவருடைய இயந்திரமும் இருந்தது. கையால் அச்சிலேற்றி வாழ்ந்த தொழிலாளரின் பேரம் பேசும் வலிமையும் குன்றிற்று. காப்புரிமை பெயரைக் காத்தது, பயனைப் பங்கிடவில்லை. அதையும் நாம் மறைக்கலாகாது.

நிறத்தின் பெயரால் மட்டுமா இந்த மறுப்பு? பெண் என்பதாலும் நடந்தது. 1715ஆம் ஆண்டு, மக்காச்சோளத்தைப் பதப்படுத்தும் முறையைக் கண்டவர் சிபிலா மாஸ்டர்ஸ் என்ற பெண். இங்கிலாந்து அரசு காப்புரிமையை அவருடைய கணவரின் பெயரில் தந்தது. கண்டது மனைவி என்று அந்த ஆவணமே சொல்லியும், உரிமை கணவருக்கு! ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, சிறுமியாகவே பஞ்சாலைக்குச் சென்று உழைத்த மார்கரெட் நைட், தட்டையான அடியுள்ள காகிதப் பையை மடித்து ஒட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதன் இரும்பு மாதிரி பட்டறையில் உருவாகும்போது கண்ட சார்லஸ் அன்னன் என்பவர் முந்திக் கொண்டு காப்புரிமை கேட்டார். நைட் வழக்காடினார். ஒரு பெண்ணுக்கு இத்தகைய இயந்திர நுட்பம் விளங்குமா என்பது எதிராளியின் வாதம். நைட் சொற்போர் புரியவில்லை. வரைபடங்களை விரித்தார், குறிப்பேட்டைக் காட்டினார், உடன் வேலை செய்தோரைச் சாட்சிக்கு அழைத்தார். 1871ஆம் ஆண்டு காப்புரிமை அவர் பெயரில் எழுதப்பட்டது. வசைக்கு அவர் தந்த விடை, சான்று.

சட்டம் திறந்த பின்னும் சந்தை திறக்கவில்லை. கிளீவ்லாந்து நகரின் காரெட் மார்கன், புகையினின்று தீயணைப்போரைக் காக்கும் தலைக்கவசம் கண்டு 1914ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். கண்டவர் கறுப்பினத்தவர் என்றால் தென் மாநிலங்களில் வாங்க மாட்டார்கள். ஆகவே, வெள்ளையர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்கச் செய்து, தாம் செவ்விந்தியர் வேடம் பூண்டு, புகை மண்டிய கூடாரத்துக்குள் நுழைந்து காட்டினார். 1916ஆம் ஆண்டு, ஏரிக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் வாயு வெடித்தது. மார்கனும் அவர் சகோதரரும் அக்கவசத்தோடு இறங்கி, சிக்கியவர்களைத் தூக்கி வந்தனர். செய்தி பரவிற்று, நிறமும் தெரிந்தது, தென் மாநில ஊர்கள் சில தம் கொள்முதலை விலக்கிக் கொண்டன. புகையில் மூச்சு முட்டிச் சாகலாம். கறுப்பர் கண்ட கருவியால் பிழைக்கலாகாது என்று எண்ணும் வெறியை என்னென்பது!

இத்தனைக்கும் பிறகும், 'கறுப்பினத்தவர் கண்டது ஏதுமில்லை' என்ற கூச்சல் ஓயவில்லை. காப்புரிமைத் தாளில் நிறத்தை எழுதும் வழக்கம் இல்லாமையால் பொய்யருக்கு வசதியாயிற்று. அதற்கு விடையளித்தவர் இருவர். ஒருவர், அடிமையாகப் பிறந்து காங்கிரஸ் உறுப்பினரான ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரே. தாமே வேளாண் கருவிகள் கண்டவர். 1894ஆம் ஆண்டு தம் இனத்தார் பெற்ற 92 காப்புரிமைகளின் பட்டியலை அவையின் ஏட்டிலே ஏற்றினார். மற்றவர், காப்புரிமை அலுவலகத்திலேயே பணியாற்றிய கறுப்பினத்தவர் ஹென்றி பேக்கர். நாடெங்கும் உள்ள காப்புரிமை வழக்கறிஞர்களுக்கு 1900ஆம் ஆண்டு அலுவலகத்தின் வாயிலாகக் கடிதங்கள் சென்றன. அப்படி ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை என்று சிலர் எழுதினர். சிலர் எள்ளி நகையாடினர். பேக்கர் கோபங்கொள்ளவில்லை; எண்ணினார்; ஒப்பிட்டார்; உறுதி செய்தார். நூற்றுக்கணக்கான பெயர்கள் திரண்டன. 1913ஆம் ஆண்டு அதனைச் சிறு நூலாகவே வெளியிட்டார்.

தோழர்களே, பேக்கரின் வழி நமக்கும் உரிய வழி. 'இவர்கள் என்ன சாதித்தார்கள்?' என்று எவரைக் குறித்து எவர் கேட்டாலும், உடனே தலை குனியவும் வேண்டா. தற்பெருமை பேசவும் வேண்டா. கதவை அடைத்தவர் யார் என்று கேளுங்கள். பின்னர் சான்றைத் தேடுங்கள். ஆவணம் எரிந்திருக்கலாம், பெயர் மாற்றி எழுதப்பட்டிருக்கலாம், பெயருக்குப் பதில் வெறும் குறி இருக்கலாம். பொறுமையோடு தேடுவோர்க்கு அது கிட்டும். நெட் எப்போது பிறந்தான், எங்கே புதைந்தான் என்று காப்புரிமை ஏடு சொல்லாது. அவனுக்கு அறிவு இருந்தது என்பதையோ, அவனை அடிமையாக வைத்திருந்தவனே தன் கையால் எழுதி வைத்துப் போயிருக்கிறான்!